தொண்டையில் நின்ற இலந்தைக் கொட்டை

டென்ஷனுக்கு எந்தப் புள்ளியில் ஊசி வைப்பது என்று, இந்தத் தொழில் பழகும் உங்களில் யாரைப் பார்த்தாலும் கேட்கிறீர்கள். கேட்பதில் தப்பில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டுக்கொண்டு திரிந்தேன். இரண்டு புருவத்துக்கும் நடுவே ஒன்று, மணிக்கட்டு மடிப்புக்கு மேலே மூன்று விரல் தள்ளி ஒன்று, கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே ஒன்று என்று நான் சொன்னால் செல்போனில் பதிந்துகொண்டு போய்விடுவீர்கள். அதற்குப் புத்தகம் இருக்கிறது, வகுப்பு இருக்கிறது, வீடியோ வேறு கொட்டிக் கிடக்கிறது. ஊசியைக் கீழே வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் இந்தக் கிழவனிடம் கேட்டுப் பெற வேண்டியது அது இல்லை.

காரைக்காலில் எனக்கு 'ஊசி பாய்' என்று பெயர். அக்குபங்சர் என்ற வார்த்தை ஊருக்குள் பழகுவதற்கு முன்பே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சின்னப் பிள்ளைகள் என்னைத் தெருவில் பார்த்தால் அழும். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வருகிற ஆள் என்று நினைத்துக்கொள்ளும். பெரியவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? மருந்து இல்லாத ஊசியை ஏன் போடுகிறீர்கள், காசு மிச்சம் பிடிக்கிறீர்களா என்று கேட்டவர்கள் உண்டு.

இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு வியப்பு அடங்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோவில்பத்திலிருந்து ஒரு அம்மா வருவார். பேங்கில் வேலை. தோள் இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி ஏறிப்போய்த்தான் உள்ளே வருவார். காலையில் சமையல், ஸ்கூட்டர், கவுன்ட்டர், சாயங்காலம் பிள்ளைகளின் பாடம். நோய் என்று எதுவும் இல்லை. நம்மிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான், வாழ்க்கைதான் வலி. முதல் தடவை ஊசி வைத்துவிட்டுத் திரைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது: "பாய், ஃபேனை இப்பதான் போட்டீங்களா?" அவர் வந்ததிலிருந்து அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. கடகடவென்று சத்தம் போடுகிற பழைய ஃபேன். அவருக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. தலைமுடி கனத்தில் ஒரு கம்பியைக் காலில் வைக்கிறோம், ஒரு மனுஷிக்குக் காது திறக்கிறது! எப்படி என்று கேட்டால் சீனாக்காரர்கள் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள், டாக்டர்கள் வேறொரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். நான் இரண்டையும் படித்திருக்கிறேன். படித்த பிறகும் வாயைப் பிளந்துகொண்டுதான் நிற்கிறேன்.

எனக்கு நாடி பார்க்கப் பழக்கியவர் வியட்நாமில், சைகோனில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்மணி. அவருடைய அப்பா நம்மூர்க்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தோடு கப்பலேறியவர். சண்டையெல்லாம் ஓய்ந்து ஊர் திரும்பிய குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. சைகோனில் சீனர்கள் வாழும் பகுதியில் வைத்தியம் கற்றவர். தமிழில் என்னைத் திட்டுவார், கோபம் அதிகமானால் பிரெஞ்சுக்குப் போய்விடுவார், அதற்கும் மேலே போனால் எனக்குப் புரியாத மொழி. அவர் பேர் வேண்டாம், தன் பேரை எங்கேயும் போடக்கூடாது என்பார். அவர் அடிக்கடி சொல்வது ஒன்றுதான். "எங்க வலிக்குதுன்னு கேக்காதே. அதை அவனே சொல்லுவான். எப்ப வலிக்குதுன்னு கேளு."

அது எனக்கு விளங்குவதற்கு மைக் நடேசன் வர வேண்டியிருந்தது.

திருநள்ளாற்றுக்குப் போனவர்கள் நடேசனின் குரலைக் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். நளன் குளத்தங்கரையில் ஒலிபெருக்கி அறிவிப்பு அவர் வேலை. சனிக்கிழமை என்றால் எங்கெங்கிருந்தோ ஜனம் வந்து இறங்கும். எண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுகி, உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டு, சனி விட்டது என்று திரும்பிப் பார்க்காமல் போவார்கள். அந்தக் கூட்டத்தில் சங்கிலியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், துணியைத் தண்ணீருக்குள் விடாமல் தொட்டியில் போடுங்கள், இன்னாரைக் காணோம், இன்னார் இங்கே காத்திருக்கிறார் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டே இருப்பார். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி எல்லாம் வரும். பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை, குளத்தங்கரையில் பிடித்துக்கொண்டது. கணீரென்ற குரல். தேரடியில் நின்றாலும் கேட்கும்.

அந்தக் குரல்தான் என் கிளினிக்கில் வந்து கரகரத்தது.

"தொண்டைல என்னமோ சிக்கிக்கிட்டிருக்குங்க பாய். முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல."

"சாப்பாடு எறங்குதா?"

"இட்லி எறங்குது, சோறு எறங்குது. எச்சிதாங்க எறங்க மாட்டேங்குது."

இதைக் கேட்டதும் எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. சீன வைத்தியத்தில் இதற்கென்றே ஒரு பெயர் உண்டு. தொண்டையில் பழக்கொட்டை நிற்கிற மாதிரி இருக்கும், உள்ளே பார்த்தால் கொட்டை இருக்காது. அங்கே பிளம் பழம் என்பார்கள். என் சைகோன் அம்மா நமக்குப் புரிகிற மாதிரி இலந்தைக் கொட்டை என்பார். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மென்று முழுங்கினால் அது வயிற்றுக்குப் போகாமல் தொண்டையில் தங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு.

தெரிந்துவிட்டது என்பதற்காக நான் ஊசியை எடுக்கவில்லை. இதைக் கவனமாகக் கேளுங்கள். முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்க் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன். நடேசனுக்குக் கோபம். "ஊரே அங்க போயி முடியாமதான் ஒங்ககிட்ட வருது, நீங்க அங்கயே அனுப்புறீங்க" என்றார். நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. முதலில் நோய்க்குப் பார்க்க வேண்டும். தொண்டையில் உண்மையாகவே ஒன்று வளர்ந்துகொண்டிருக்க, நாம் காலில் ஊசி வைத்துக்கொண்டு நாடி பேசிக்கொண்டிருந்தால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? டாக்டர் பார்த்தார். தொண்டை கண்ணாடி மாதிரி இருக்கிறது, எல்லாம் டென்ஷன், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

நாடி பிடித்தேன். கம்பியை இழுத்துக் கட்டின மாதிரி இறுகியிருந்தது. கோபத்தை வெளியே விடாமல் வைத்திருப்பவர்களுக்கு அப்படி ஓடும். காலிலும் கையிலும் மணிக்கட்டிலும் ஊசி வைத்துப் படுக்கவைத்தேன். எழுந்ததும் எச்சிலை முழுங்கிப் பார்த்தார். கண் விரிந்தது. "எறங்குது பாய்!" என்று அவர் கத்தியதில் வெளியே காத்திருந்த ஒருவர் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷம் வெள்ளிக்கிழமை வரைதான் நின்றது. சனிக்கிழமை கொட்டை திரும்ப வந்துவிட்டது. திரும்ப ஊசி, திரும்பச் சரி, திரும்பச் சனிக்கிழமை. மைக்குக்கே சனி பிடித்துவிட்டது என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். நடேசன் அதற்குச் சிரிக்கிற நிலையில் இல்லை.

"ரெக்கார்டிங் போட்டுக்கலாம்னு பேசிக்கிறாங்க பாய்" என்றார் ஒருநாள், படுக்கையில் கூரையைப் பார்த்துக்கொண்டே. "செயினு, செருப்பு, துணி, இதெல்லாம் பதிஞ்சு வச்சு ஓட்டிரலாம். சரிதான். ஆனா காணாமப் போறவங்க பேர எப்புடிப் பதிஞ்சு வைப்பாங்க? இந்தத் தொண்டைய விட்டா எனக்கு வேற என்ன தெரியும் சொல்லுங்க."

அந்த மனிதருக்குக் குரல் போனால் வேலை மட்டும் போகாது, ஆளே போய்விடுவார் என்று எனக்குப் பட்டது. கிளினிக்கைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடக்கும்போதெல்லாம் அவர் தொண்டைதான் ஞாபகத்தில்.

இதற்கிடையில் அவர் மனைவி மல்லிகாவும் தூக்கம் வரவில்லை என்று என்னிடம் வரத் தொடங்கியிருந்தார். புருஷன் பெண்டாட்டி இருவரையும் ஒரே நாளில் பார்ப்பதில்லை என்பது என் வழக்கம். அவர் ஒரு வியாழக்கிழமை வந்தார். புருவ நடுவில் ஊசி வைத்ததும் கண்ணிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் இறங்கியது. புதிதாக வந்தவர்கள் இந்த இடத்தில் பயந்துபோய் ஊசியை உருவிவிடுவீர்கள். உருவாதீர்கள். ஒரு துண்டை மட்டும் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். நான் சும்மா இருந்தேன்.

"எங்க வூட்ல ஒரு பேரு சொல்லக் கூடாதுங்க பாய்" என்றார் மல்லிகா. "அவங்க உத்தரவு. ரெண்டு வருஷமா நானும் சொல்லல."

அவ்வளவுதான். அந்தப் பேர் என்ன என்று அவர் என்னிடமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒருவர் படுக்கையில் சொன்னதை இன்னொருவர் படுக்கையில் எடுத்துவைப்பது நம் தொழிலில் ஹராம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் நடேசன் வந்து நாக்கை நீட்டியபோது என் நாக்கைக் கட்டிக்கொண்டு நாடி மட்டும் பார்த்து அனுப்பினேன்.

ஆனால் சைகோன் அம்மாவின் குரல் காதுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. எப்ப வலிக்குதுன்னு கேளு. சனிக்கிழமை வலிக்கிறது என்று நடேசன் சொல்லிவிட்டார். சனிக்கிழமையில் எப்போது? அதை அவரிடம் கேட்டால் தெரியாது. போய்த்தான் பார்க்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை கிளினிக்கை மூடிவிட்டு, ஊசிப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு திருநள்ளாறு பஸ் ஏறினேன். தொப்பியோடு நான் குளத்தங்கரைக்குப் போய் இறங்கியதும் பூக்காரம்மா, "பாய்க்குமா சனி?" என்று கேட்டுவிட்டார். வைத்தியனுக்கு எல்லா நாளும் சனிதான் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அறிவிப்புக் கொட்டகை என்பது தகரம் போட்ட ஒரு சின்ன அறை. ஒரு மேஜை, மைக், தண்ணீர்ச் செம்பு, இரண்டு நாற்காலி. நடேசனுக்கு என்னைப் பார்த்ததில் சந்தோஷம். அவருக்குச் சனிக்கிழமை விரதம், பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர்தான். உட்காருங்க என்று நாற்காலியைத் தட்டிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்தார். நான் ஓரமாக உட்கார்ந்து அவர் தொண்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செருப்பைப் பற்றிச் சொன்னார், சரியாக இருந்தது. துணித்தொட்டி பற்றி நான்கு மொழியிலும் சொன்னார், சரியாக இருந்தது. ஒருவர் மனைவியைத் தேடி வந்தார். நடேசன் அவரிடம் எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டார்: பேர் என்ன, வயசு என்ன, என்ன நிறத் துணி, கடைசியாக எங்கே பார்த்தீர்கள். கேட்டுக்கொண்டு மைக்கில் சொன்னார். கணீர். ஒரு தாயார் தொலைந்தார், ஒரு மாமனார் தொலைந்தார், எல்லாரும் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். கொட்டை எங்கே என்று நானே சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

பிறகு ஒரு தகப்பன் வந்தார், சின்ன மகளைக் காணோம் என்று. நடேசன் செருமினார். தண்ணீர் குடித்தார். அறிவிப்பு பாதியில் பிசிறடித்தது. எப்படியோ முடித்துவிட்டார், பிள்ளையும் வந்துவிட்டது. என் முதுகில் ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்தது. அட, இது சனிக்கிழமையின் வேலை இல்லை!

மத்தியான வெயிலில் கூட்டம் நெரிகிற நேரம், ஈர வேட்டியோடு ஒருவர் கொட்டகைக்குள் விழுந்தடித்து வந்தார். தெலுங்குக்காரர். நடேசன் அவரை உட்காரவைத்து விசாரித்தார். எனக்குத் தெலுங்கு தெரியாது, விவரம் பிறகுதான் தெரிந்தது; அப்போது நடேசனின் முகத்தில் பார்த்ததே போதுமாயிருந்தது. கல்யாண வயதில் ஒரு மகள், முழுகி எழுந்தபோது பக்கத்தில் இருந்தாள், இப்போது இல்லை. ஊரை விட்டு வெளியே வருவது அவளுக்கு இதுதான் முதல் தடவை, தெலுங்கைத் தவிர எதுவும் தெரியாது, போன் அப்பாவிடம் இருக்கிறது. அந்த மனிதர் பேசும்போது நிமிஷத்துக்கு ஒருமுறை திரும்பித் தண்ணீரைப் பார்த்தார்.

நடேசன் மைக்கைப் பிடித்தார். வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது.

இன்னொரு தடவை முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது, சத்தம் இல்லை. பக்கத்துப் பூஜைச் சாமான் கடைக்காரர் ஓடிவந்து மைக்கை வாங்கித் தனக்குத் தெரிந்த தெலுங்கில் சொல்லிப் பார்த்தார். அந்தத் தெலுங்கு தேங்காய் விலை சொல்லத்தான் ஆகும். தகப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

நடேசன் என் பக்கம் திரும்பி, தன் தொண்டைக்குழியைத் தொட்டுக் காட்டினார். குரல் இல்லாமல் உதட்டால் கெஞ்சினார். "இங்கயே போடுங்க பாய். இங்கயே."

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தொண்டைக்குழியில் ஒரு புள்ளி இருக்கிறது, உங்களுக்கும் தெரியும். இந்த அடைப்புக்கு நேரடிப் புள்ளி. பெட்டி என் மடியில் இருந்தது. ஒரு பக்கம் ஒரு தகப்பன் அழுகிறார், இன்னொரு பக்கம் ஒரு மனிதர் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார், கொட்டகை வாசலில் கூட்டம் கூடி என் கையைப் பார்க்கிறது. என் கை பெட்டி மூடியைத் திறந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடேசன் காலையிலிருந்து பட்டினி. பதற்றம். மூச்சு வாங்குகிறது, தொண்டை ஏறி இறங்குகிறது. அந்தப் புள்ளிக்குக் கீழே மூச்சுக்குழல், பக்கத்தில் பெரிய ரத்தக் குழாய்கள். பட்டினியாக இருப்பவருக்கு ஊசி வைத்தால் மயங்கிச் சாய்வார். கழுத்தில் ஊசியோடு சாய்ந்தால் கதை முடிந்தது. ஊசி வைக்கத் தெரிந்தவன் வைத்தியன் இல்லை, வைக்காமல் இருக்கத் தெரிந்தவன்தான் வைத்தியன் என்று சைகோன் அம்மா பிரெஞ்சில் திட்டியது ஞாபகம் வந்தது. பெட்டியை மூடினேன்.

மைக்கின் சுவிட்சை அணைத்துவிட்டு அவரை நாற்காலியில் உட்காரவைத்தேன். மணிக்கட்டைப் பிடித்து உள்பக்கம் மூன்று விரல் தள்ளிக் கட்டைவிரலால் அழுத்தினேன். மற்றக் கையால் நாடியைப் பிடித்துக்கொண்டேன். இறுகிப்போய் ஓடிக்கொண்டிருந்தது. என்ன சொல்வது? மல்லிகா சொன்னதை நான் சொல்லக் கூடாது. சொல்லாமலும் இருக்க முடியாது. எனக்கே தெரியாமல் என் வாயிலிருந்து நடேசன் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான் வந்தது.

"நடேசன், யாரைக் காணோம்?"

என்னைப் பார்த்தார். நான் கையை விடவில்லை.

"பேரு என்னங்க?"

தொண்டை ஏறியது, இறங்கியது. கண் குளத்துப் பக்கம் போய்த் திரும்பியது.

"சொல்லுங்க. பேரு?"

"சௌமியா" என்றார். கரகரவென்று, யாரோ கதவுக்குப் பின்னாலிருந்து சொன்ன மாதிரி.

"வயசு?"

"அப்ப இருவத்தி மூணு."

"என்ன கலர் துணி?"

"பச்சைச் சுடிதாருங்க. அவ அம்மா தச்சது."

"கடைசியா எங்க பாத்தீங்க?"

"பஸ் ஸ்டாண்டுல. அந்தப் பையனோட நாகப்பட்டினம் பஸ்ல ஏறுனா. எம் பக்கம் திரும்பிப் பாத்தா பாய். நான் கூப்புடல." மூச்சு ஒன்று பெரிதாக இழுத்து விட்டார். "ஊரே இங்க சனியத் தலைமுழுக வருது. நான் அன்னைக்கே இந்தக் கொளத்துல எம் பொண்ணத் தலைமுழுகிட்டேன். போட்டிருந்த சட்டைய விட்டுட்டு, திரும்பிப் பாக்காம கொட்டகைக்கு வந்து மைக்கப் புடிச்சுட்டேன்."

என் விரலுக்குக் கீழே அந்தக் கம்பி தளர்ந்தது. தம்பிகளே, நாடி மாறுவதை நீங்களும் பார்ப்பீர்கள். ஊசி வைத்துப் பத்து நிமிஷம், கால் மணி நேரம் கழித்து மெல்ல மாறும். அன்று ஒரு பேரைச் சொன்ன மாத்திரத்தில், நான் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, முறுக்கின கயிறு பிரிகிற மாதிரி பிரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். இரண்டு வருஷம் ஒரு மனிதனின் கழுத்தைப் பிடித்து நெரித்துக்கொண்டிருந்தது மூன்றெழுத்துப் பேர். அதற்கு எடை உண்டா, நிறம் உண்டா? டாக்டரின் குழாயில் எப்படித் தெரியும்?

நடேசன் கையை உருவிக்கொண்டார். எச்சிலை முழுங்கினார். சுவிட்சைப் போட்டார்.

அந்தத் தெலுங்கு எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் அதுவரை அவர் செய்தது அறிவிப்பு, இது கூப்பிடுவது என்று புரிந்தது. குளத்தங்கரையில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கொட்டகையைப் பார்த்தார்கள். பூக்காரம்மா எழுந்து நின்றுவிட்டார். நடேசன் மறுபடியும் கூப்பிட்டார், மறுபடியும். தகப்பன் கைகூப்பிக்கொண்டு மைக்கைப் பார்த்தபடியே இருந்தார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அந்தப் பெண் வந்தாள். உடை மாற்றப் போய், வேறு வாசல் வழியாக வெளியே வந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஒரு கடை ஓரமாக அழுதுகொண்டு நின்றிருக்கிறாள். கையில் அப்பாவின் ஈரத் துண்டு. அந்த மனிதர் திட்டவில்லை, அடிக்கவில்லை. அவள் கையிலிருந்த துண்டை வாங்கித் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு இருவரும் நடேசனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள்.

டென்ஷனுக்கு எந்தப் புள்ளி என்று கேட்டீர்கள். புள்ளிகள் பொய் இல்லை. அந்த மணிக்கட்டை நான் அழுத்தியிராவிட்டால் பேர் வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது, வாராவாரம் வைத்த ஊசிகள்தான் வழியைத் திறந்து வைத்தனவோ என்னவோ. ஆனால் புள்ளி நம்முடையது, பேர் அவர்களுடையது. இறுக்கத்தோடு வருகிறவரின் உடம்பைத் தளர்த்தி அனுப்புங்கள், அது பெரிய உபகாரம். அதே இறுக்கம் அதே நாளில் திரும்பி வந்தால் இன்னொரு ஊசியைத் தேடாதீர்கள். கிளினிக்கைப் பூட்டிவிட்டு, அவர் எங்கே, எப்போது இறுகுகிறார் என்று போய்ப் பாருங்கள். பார்த்த பிறகும் அவரே சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். இதைவிடக் கஷ்டமான வித்தை நம் தொழிலில் இல்லை.

கூட்டம் கொஞ்சம் தணிந்ததும் நடேசன் மைக்கை அணைத்துவிட்டுப் போனை எடுத்தார். மைக்குக்காரர் இல்லையா, போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"மல்லிகா, சௌமியா நம்பர் சொல்லு."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று கீழே வைக்கப்பட்டது மட்டும் கேட்டது. பிறகு மல்லிகா நம்பரைச் சொன்னார். எங்கேயும் போய்த் தேடவில்லை, இரு என்று சொல்லவில்லை, ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். நடேசன் அந்த எண்களை அழுத்தும்போது ஒரு கணம் நின்று என்னைப் பார்த்தார். அந்த எண் மனப்பாடம் ஆகிற அளவுக்கு அவர் மனைவி மகளோடு பேசிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

ரிங் போனது. எழுந்து வெளியே போகலாமா என்று யோசித்தேன். கால் வரவில்லை.

"அப்பா?" என்றது ஒரு பெண் குரல். பிறகு மெதுவாகக் கேட்டாள், "தொண்ட இப்ப பரவால்லியாப்பா?"

நடேசனுக்கு இப்போது தொண்டையில் ஒரு தடையும் இல்லை. ஆனாலும் போனைப் பார்த்து, அவள் அங்கிருந்தே பார்க்கிறாள் என்பது போல, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தார்.